பாதை எழும்பிய நாள்

வாவிக்கரைப் பூங்காவில் கட்டி நிற்கிற பழைய பாதைக்குள்தான் எங்கள் தேநீர்க் கடை இருக்கிறது. மாதர் சங்கத்தின் கடை என்று பலகையில் எழுதியிருக்கும். அடுப்படியில் நிற்பது நான். வருகிறவர்கள் ஏறியதும் படமெடுப்பார்கள். தண்ணீரைப் பார்த்தபடி ஒரு படம், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு படம், பிறகு என்னைக் கேட்காமலே என்னையும் ஒரு படம். இஞ்சித் தேத்தண்ணீரையும் றால் வடையையும் கையில் வாங்கிய பிறகுதான், இவ்வளவு பெரிய இரும்பு எப்படி இங்கே வந்தது என்று கேட்க அவர்களுக்கு ஞாபகம் வரும். இழுத்துக்கொண்டு வந்தோம் என்று சொல்லிவிடுவேன். எண்ணெய் கொதிக்கிற நேரத்தில் கதை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மற்ற நேரத்திலும் எனக்கு வாய் கொஞ்சம் சுடும் என்று ஊரில் பெயர். அப்படிப்பட்ட நான் பேச்சு மூச்சில்லாமல் நின்ற ஒரு நாள் இருக்கிறது. அதை எழுதிவைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

மட்டக்களப்புக்கு வெளியே பாதை என்றால் நடந்துபோகிற வழி. எங்களுக்கு அது ஆற்றைக் கடக்கிற மிதவை. வாவி என்று அரசாங்கம் எழுதும், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். சூரியன் எழும் பக்கம், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருப்பது எழுவான்கரை. அது எங்கள் கரை. சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வயலும் காடும் மாடும் அங்கே. இரண்டுக்கும் நடுவில், ஆறு ஒடுங்கி வரும் ஓர் இடத்தில், இந்தப் பாதை ஓடியது. நீளமான இரண்டு இரும்பு மிதவைகள், அவற்றின் மேல் பலகைத் தட்டு, சுற்றிவர இடுப்பளவு கம்பி வேலி. அவ்வளவுதான். அதில் நெல் மூட்டை போகும், உழவு இயந்திரம் போகும், பள்ளிக்கூட ரீச்சர்மார் குடையுடன் போவார்கள், மாப்பிள்ளை போவார், பிரேதமும் போகும். ஆற்றுக்குக் குறுக்கே, இரண்டு கரையிலும் கட்டி, ஒரு முறுக்கு இரும்புக் கம்பி கிடக்கும். அதைக் கையால் பற்றி இழுக்க இழுக்கப் பாதை நகரும். ஏறினவர்களும் சும்மா நிற்பதில்லை. கை இருக்கிறவர்கள் எல்லாரும் கம்பியில் கை வைப்பார்கள். பட்டுச்சேலை கட்டினவளும் வைப்பாள். அது எழுதாத சட்டம்.

அந்தப் பாதையில் பிரதேச சபை ஆளாக வேலை செய்தவர் என் கணவர். இனி இவர் என்றே சொல்கிறேன், வீட்டிலும் அப்படித்தான். மாங்கேணியில் கடற்கரையில் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. அப்படிச் செட்டிபாளையத்துக்கு என்னை முடித்து வந்தார். வந்த சில மாதத்தில் பாதையில் ஏறினார். அதன் பிறகு அவரைக் கரையில் பிடித்து வைக்க என்னால் முடியவில்லை. சண்டை நடந்த பிரச்சினை காலத்திலும் ஓடினார், வெள்ளத்திலும் ஓடினார், காய்ச்சலுடனும் ஓடினார்.

பிறகு பாலம் வந்தது. பாலம் வந்ததில் எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மூத்த மகன் பிறந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, அக்கரைத் துறையில் பாதைக்குக் காத்துக் கிடந்த மாட்டு வண்டியில். அந்தக் கதை தெரிந்தவர்கள் யாரும் பாலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடமாட்டார்கள். திறப்பு விழாவன்று நான் பாலத்தின் நடுவில் நின்று ஆற்றுக்குள் காறித் துப்பினேன். அக்கா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள்.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. சபைக் கட்டடத்தில் கேற் திறந்து மூடும் வேலை கொடுத்தார்கள். செய்தார். பாதையைத் துறைக்குப் பக்கத்தில் கண்டல் மரங்களுக்குள் தள்ளி விட்டிருந்தார்கள். வருடம் போகப் போக மிதவைகளுக்குள் தண்ணீர் ஏறி அது சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மேலே ஆற்றுவாழை படர்ந்தது, நீர்க்காகம் இருந்து எச்சம் போட்டது. அந்தப் பக்கம் இவர் போவதே இல்லை. "உங்கட மூத்த பெண்சாதிய ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாங்களன்" என்று நான் சீண்டுவேன். கேற் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆனால் நித்திரையில் இவருடைய இரண்டு கைகளும் மாறி மாறி இழுக்கும். கம்பி இழுக்கிற இழுவை. போர்வை முழுவதும் அவர் பக்கம் போய்விடும். முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

சபையில் புதிய திட்டம் வந்தது அந்த நாட்களில்தான். பழைய பாதையைத் திருத்தி, நிறம் பூசி, வாவிக்கரைப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகள் வந்து இருக்கிற இடமாக ஆக்குவது. தேநீர்க் கடையை எங்கள் மாதர் சங்கம் நடத்துவது. அதனால் என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒருவர் எங்கள் ஆற்றுக்குப் பேர்போன பாடும் மீனுக்குச் சிலை வைத்து அதன் வாய்க்குள் ஸ்பீக்கர் பூட்ட வேண்டும் என்றார். இன்னொருவர் முன்பக்கத்தில் அன்னத்தின் தலை வைக்கலாம் என்றார். மீனும் அன்னமும் சண்டை பிடித்தால் யார் விலக்குவது என்று நான் கேட்டேன். அதோடு அந்தக் கதை நின்றது.

வேலைக்குப் பொறுப்பு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வயது குறைந்த பிள்ளை, ஆனால் கெட்டிக்காரி, பேச்சு அளந்து வரும். நான் அவளைத் தொழில்நுட்பப் பிள்ளை என்றே கூப்பிட்டேன், அவளும் கோபிக்கவில்லை. அவள் இரண்டு வழி சொன்னாள். பாதையை மிதக்க வைக்க முடிந்தால் ஆற்று வழியே இழுத்துப்போய்ப் பூங்காவில் தண்ணீரிலேயே கட்டலாம். முடியாவிட்டால் மூன்றாக வெட்டி, லொறியில் ஏற்றி, பூங்காவில் கொங்கிரீட் தூண்களின் மேல் வைத்து ஒட்ட வேண்டியதுதான். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் கேற்றில் நின்ற இவர் மண்டப வாசலுக்கு வந்தார். கூட்டங்களில் வாய் திறக்கிற மனிதர் இல்லை.

"வெட்டாதீங்க. அத வெட்டி நிலத்தில வைச்சா மறுகா அது பாதை இல்ல, பிரேதம்."

சொல்லிவிட்டுக் கேற்றுக்குப் போய்விட்டார். மண்டபத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். அன்று வீட்டில் சோறு போட்டுக் கொடுக்கும்போது, பாதையை நிலத்தில் வைத்தால் அந்தப் பூங்காப் பக்கமே தான் வரப்போவதில்லை, என் கடைக்கும் வரப்போவதில்லை என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. இந்தப் பாதையை வெட்டினால் இவரில் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

ஆறு வற்றிக் கிடந்த மாதங்களில் வேலை நடந்தது. மிதவைகளின் ஓட்டைகளை ஒட்டினார்கள், உள்ளே இருந்த தண்ணீரை இறைத்தார்கள், மூடிகளுக்குத் தார் பூசினார்கள். சேற்றின் பிடி விடுவதற்காகச் சுற்றிவர நீலப் பிளாஸ்டிக் பீப்பாக்களை வெறுமையாக மூடி, தண்ணீர் குறைவாக இருக்கும்போதே இறுக்கிக் கட்டினார்கள். மழை வந்து ஆறு ஏற ஏறப் பீப்பாக்கள் பாதையைத் தூக்கும் என்பது கணக்கு. தூக்குவதற்குப் பாரந்தூக்கி கொண்டுவர அந்தச் சேற்றில் வழியில்லை. ஆறுதான் தூக்க வேண்டும்.

இங்கேதான் அக்காவுக்கும் எனக்கும் முட்டியது. எங்கள் ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வருடத்தில் பல மாதம் மணல் மூடி வைத்திருக்கும். மாரி மழையில் ஆறு நிறைந்து, அக்கரையில் பள்ளத்தில் இருக்கிற வயல் வட்டைகளுக்குள் ஏறும். உடனே விவசாயிகள் கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, ஓடுவார்கள், வாய் வெட்டச் சொல்லி. இயந்திரம் கொண்டுபோய் மணலை வெட்டிவிட்டால் ஆறு கடலுக்குள் வடிந்துவிடும், வெள்ளாண்மை தப்பும். ஆறு வடிந்தால் எங்கள் பாதை திரும்பவும் சேற்றில் இருக்கும். அடுத்த மாரி வரைக்கும் சபை காத்திருக்காது. வடிந்த கையோடு பாதையை வெட்டுகிறவர்கள் வருவார்கள் என்பது முடிவாகியிருந்தது.

அக்கா புருஷனை இழந்த பிறகு தானே வயல் செய்கிறவள். அவளுடைய ஊர் விவசாயிகள் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. வாயை வெட்டு வெட்டு என்று அந்த மாரியில் எல்லாரையும் விடக் கூடுதலாகச் சத்தம் போட்டது அவள். இரண்டு நாள் பொறுக்கக் கூடாதா என்று நான் போனில் கேட்டேன்.

"உன்ட புருஷன்ட இரும்புக்காக என்ட வெள்ளாமை அழுகோணுமாகா?"

நியாயமான கேள்விதான். அது நியாயம் என்று தெரிந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் இரண்டு பேரும் கதைக்கவில்லை. நாங்கள் சின்ன வயதில் இருந்து இப்படித்தான், ஒரே வாய்தான் இரண்டு பேருக்கும்.

மழை விடாமல் பெய்தது. மறுநாள் மதியம் வாய் வெட்டுவது என்று கச்சேரியில் முடிவானது. அந்த மறுநாள் காலையில் மழை விட்டு வெயில் எறித்தது. துறையில் போய்ப் பார்த்தால் ஆறு கண்டல் மரங்களின் இடுப்புவரை நின்றது. தொழில்நுட்பப் பிள்ளை மரத்தில் அடையாளம் போட்டிருந்த கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. இதற்கு முன்பே பாதை எழும்பியிருக்க வேண்டும் என்றாள். எழும்பவில்லை. பீப்பாக்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு கறகறவென்று முனகின. பலகைத் தட்டின் மேலாகத் தண்ணீர் போனது. கம்பி வேலியின் மேல்பாகம் மட்டும்தான் தெரிந்தது, ஆற்றுக்குள் யாரோ வேலி கட்டி வைத்ததுபோல.

ஊர் கூடிவிட்டது. ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். சேறு கவ்விக்கொண்டது, தடி போட்டுக் கிண்ட வேண்டும் என்று சிலர் இறங்கிக் கிண்டினார்கள். இரண்டு இயந்திரத் தோணியைக் கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. அம்மனுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சும்மா நிற்பதை விட அது மேல். தொழில்நுட்பப் பிள்ளை தன் கணக்கைத் திரும்பவும் போட்டாள், பிறகும் போட்டாள். கணக்குச் சரிதான் என்றாள். கடைசியில் இவரிடம் வந்து, "மத்தியானத்துக்குள்ள வராட்டி வேற வழியில்ல ஐயா" என்றாள். இவர் தலையை ஆட்டினார். ஈரத் தரையில் அப்படியே இருந்துவிட்டார், இரண்டு கைகளும் மடியில். அந்தக் கைகளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முகத்துவாரத்தில் இயந்திரம் வந்து நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது என் போன் அடித்தது. அக்கா. வாய் வெட்டப் போகிறோம் என்று குத்திக்காட்டத்தான் எடுக்கிறாள் என்று நினைத்து, நானும் வாயைத் தயார் செய்துகொண்டுதான் எடுத்தேன்.

"இஞ்ச துறையில உங்கட பாதைக் கம்பி தண்ணிக்குள்ளால எழும்பி நிக்கிதுகா. தொட்டா அதிருது."

எனக்கு விளங்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். முகத்துவாரத்துக்குப் போக அக்கரைத் துறையில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால், வருடக்கணக்காகச் சேற்றுக்குள் புதைந்து கிடந்த கம்பி ஆற்றைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து, கரையில் இருக்கிற பழைய கட்டைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இறுகி நிற்கிறது. கட்டையே கொஞ்சம் ஆற்றுப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

இவர் எழுந்தார். நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். பாலத்துக்கு வீதி போடும்போது எங்கள் கரையில் கம்பி கட்டியிருந்த தூணைப் பிடுங்கிவிட்டார்கள். அப்போது இவர்தான் கம்பியின் இந்த நுனியைப் பாதையின் இரும்புக் குற்றியில் சுற்றி முறுக்கினார். அங்கிருந்து கம்பி, துறையடியில் ஆற்றின் அடியில் கிடக்கிற கொங்கிரீட் கட்டையின் வளையத்துக்குள்ளால் நுழைந்து, அக்கரைக்குப் போகிறது. பீப்பாக்கள் பாதையைத் தூக்கத் தூக்க, பாதை அக்கரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. தொழில்நுட்பப் பிள்ளை வந்தபோது எல்லாம் சேற்றுக்குள். அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவர்கள் நாங்கள். இவருக்கு, எனக்கு, சுற்றி நின்று மருந்து சொன்ன அத்தனை பேருக்கும் அந்தக் கம்பி கை பட்டுப் பழகியது. ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"அது கட்டு எண்டு எனக்கு நினைவே வரல்ல. அது றோட்டுத்தானே புள்ள" என்றார் இவர்.

உண்மைதான். எங்களுக்கு அந்தக் கம்பி கயிறாக இருந்ததே இல்லை. அதைப் பிடித்துத்தான் போனோம், வந்தோம். பிடித்துப் போகிற ஒன்று பிடித்தும் வைத்திருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

எங்கள் பக்கத்தில் அதை அறுக்க வழியில்லை. குற்றி தண்ணீருக்குள், பீப்பாக்களுக்கு நடுவில். இறுகி நிற்கிற கம்பி அறுந்து சுழன்றால் கிட்ட நிற்கிறவனின் காலைக் கொண்டுபோய்விடும் என்று தொழில்நுட்பப் பிள்ளை யாரையும் இறங்க விடவில்லை. அக்கரையில்தான் அறுக்க வேண்டும். அக்கரையில் நிற்பது என் அக்காவும், ஆறு எப்போது வடியும் என்று வயலைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருக்கும் அவளுடைய ஆட்களும். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரத்துக்கு முன் அந்த வாயால்தானே அவளைத் திட்டினேன்.

கேட்டது அவள். "அறுத்தா எழும்புமா மச்சான்?"

"எழும்பும் மச்சாள்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எங்களோடு பேசவில்லை, அங்கே நின்றவர்களை ஏவுகிற சத்தம்தான் வந்தது. உழவு இயந்திரத்தின் பெட்டிக்குள் இருந்து இரும்பு அறுக்கும் வாள் வந்தது. வரம்பு உடைப்பு அடைக்க மண் நிரப்பி வைத்திருந்த சாக்குகளை உழவு இயந்திரத்தில் இருந்து இறக்கி, கம்பி துள்ளாமல் இருக்க அதன் மேல் வரிசையாகப் போட்டார்கள். தங்கள் வயலைக் காப்பாற்ற நிரப்பின சாக்குகள். அதை அக்கா பிறகும் எனக்குச் சொல்லவில்லை, இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறகு வாளின் சத்தம். போனுக்குள்ளால் அது கீச்சுக் கீச்சென்று கேட்டது. இவர் ஆற்றுக்குள் இறங்கினார். முன்பக்கத்துக்குப் போகாமல், கம்பிக்கு எட்டாத மறுபக்கமாக நெஞ்சளவு தண்ணீரில் போய், வேலிக் கம்பிக்குக் கீழே கையை விட்டு மிதவையின் இரும்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். தொழில்நுட்பப் பிள்ளை கூப்பிட்டுப் பார்த்தாள், கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பல பிரிகளை முறுக்கிச் செய்த கம்பி அது. முதல் பிரி அறுந்தபோது போனில் ஒரு டக் என்ற சத்தம் வந்தது. அதே நொடியில் எங்கள் கண்முன்னால், ஆற்றுக்கு இந்தக் கரையில், பாதை ஒரு தடவை நடுங்கியது. வேலிக் கம்பியில் இருந்த நீர்க்காகங்கள் எழும்பிப் போயின. இரண்டாவது பிரி. திரும்பவும் நடுக்கம். நடுவில் அவ்வளவு தண்ணீர் ஒரு அசைவும் இல்லாமல் கிடக்கிறது, அந்தப் பக்கத்தில் யாரோ அறுக்க இந்தப் பக்கத்தில் இரும்பு உயிர் வந்து துடிக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"கடைசிப் பிரி. தள்ளி நில்லுங்க" என்று அக்காவின் குரல் வந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆற்றின் நடுவே தண்ணீர் ஒரு கோடாகக் கீறிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது, கம்பி ஓடி வருகிற கோடு. அது வந்து சேரும் முன்பே பாதை எழும்பத் தொடங்கிவிட்டது. குபீரென்று துள்ளவில்லை. மெதுவாக, மெதுவாக, சேறு அடியில் இருந்து கொழகொழவென்று குமிழி விட்டது. முதலில் வேலி உயர்ந்தது. பிறகு பலகைத் தட்டு, அதன் எல்லாப் பக்கத்தாலும் ஆறு வழிந்து வழிந்து விழ, ஆற்றுவாழையையும் மட்டியையும் சுமந்துகொண்டு மேலே வந்தது. பிறகு மிதவையின் கறுத்த இரும்பு. இவர் வைத்த கையை எடுக்கவில்லை. இரும்பு எழும்ப எழும்ப அந்தக் கையும் கூடவே எழும்பியது. நெஞ்சுக்கு நேரே இருந்த கை தோளுக்கு வந்தது, தலைக்கு வந்தது, தலைக்கு மேலே போனது. கையை உயர்த்திக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கிற அந்த மனிதரையும், அவருக்கு மேலே ஆறு வடிய வடிய நிற்கிற அந்தப் பெரிய பாதையையும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை தானாகப் போனதில்லை. ஊரே கும்பிட்டது. தொழில்நுட்பப் பிள்ளை அழுதாள்.

போனில் அக்கா கத்திக்கொண்டிருந்தாள், எழும்பிற்றா எழும்பிற்றா என்று. எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர்தான் போனை வாங்கி, எழும்பிற்று என்றார்.

"அப்ப நாங்க வாய் வெட்டப் போறம்" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

வாய் வெட்டினால் ஆறு இறங்கத் தொடங்கும், கண்டலுக்குள் இருந்து அதற்கு முன் வெளியே வர வேண்டும். கம்பியின் நுனியைக் குற்றியில் இருந்து கழற்றிவிட்டு இரண்டு தோணிகளைக் கட்டினார்கள். இவர் ஏறினார். ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தார், கூப்பிடவில்லை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். தட்டில் சேறு வழுக்கியது, நண்டுகள் ஓடின. கை வைப்பதற்கு இப்போது கம்பி இல்லை. இவருக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. வழக்கமாக நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார், கைகள் வெறுமனே தொங்கின. தோணிகள் பாதையை ஆற்றின் நடுவுக்கு இழுத்தன. அங்கே வந்ததும் அக்கரைக்குப் போகாமல் வடக்கே திருப்பின.

இவர் முன்பக்க வேலியில் போய் நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒடுக்கம் முடிந்தது. இரண்டு கரையும் மெல்ல மெல்ல விலகின. முன்னால் ஆறு திறந்துகொண்டே போனது, வெயிலில் மினுங்கிக்கொண்டு, ஒரு வளைவு முடிய இன்னொரு வளைவு, அதற்கு அப்பால் வானம்தான். படுவான்கரையில் தூரத்து மலைகள் நீலமாகத் தெரிந்தன, கண்டல் தீவுகள் வந்தன, வெள்ளைக் கொக்குகள் ஒரு வயலளவு இடத்தில் நின்றன. இத்தனை வருடமாக இந்தப் பாதை இந்த ஆற்றில் இரண்டு துறைகளுக்கு நடுவில் மட்டும்தான் போய் வந்தது. இவரும் அப்படித்தான். குறுக்கே போவார், கிறுகி வருவார். நெடுக்கே ஒரு நாளும் போனதில்லை. பஸ்ஸில் பட்டணத்துக்குப் போகிற வழியில் வீடுகளும் தென்னைகளும்தான் தெரியும், ஆறு தெரியாது.

இவர் வேலியைப் பிடித்தபடி வளைவு வளைவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் முழுவதும் தண்ணீர், ஆற்றுத் தண்ணீரா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை.

"இந்த ஆறு இவ்வளவு பெரிசா புள்ள?"

சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. ஓம், பெரிசுதான் என்றேன். நானும் அன்றுதான் பார்த்தேன்.